வேப்பமரப் பிள்ளையார்: ஒரு சிலை, நான்கு விபத்துகள்

திருச்சியில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் மரம் செதுக்கப் பழகினார். அவர் செதுக்கிய முதல் பெரிய உருவம் ஓர் அடி உயரமுள்ள வேப்பமரப் பிள்ளையார். அந்தச் சிலை முடிவதற்குள் அதன் உடலில் விரிசல் விட்டது, துதிக்கை முறிந்தது, செதுக்கியவரின் இடது கையில் உளி இறங்கியது, கடைசியில் எண்ணெய் பூசிய நாளன்று மாடியில் புகை கிளம்பியது. தன் பெயரைத் தவிர மற்றதெல்லாம் எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். நடந்தவற்றில் பெரும்பாலானதை நான் அருகில் இருந்து பார்த்தேன்; காயம்பட்ட மாலை நடந்ததை மட்டும் அவர் சொல்லிக் கேட்டேன்.

இவை எதுவும் அபூர்வமானவை அல்ல. பொழுதுபோக்காக உளி பிடிக்கிற யாரும் இவற்றில் ஒன்றிரண்டைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். இந்த ஒரு சிலையை எடுத்து விரிவாக எழுதத் தோன்றியதற்குக் காரணம், முதல் மூன்று முறையும் மாறாமல் நடந்த ஒரு விஷயம். விபத்து செய்த சேதம் சிறியது. பதற்றத்தில் அடுத்த பத்து நிமிடத்துக்குள் செய்த வைத்தியம்தான் அதைப் பெரிதாக்கியது.

மரம் வந்த வழி

லால்குடிப் பக்கம் அவருடைய பூர்வீக வீட்டில், பின்கட்டை இடித்துக் கட்டுவதற்காகத் தை மாதம் ஒரு வேப்பமரத்தை வெட்டினார்கள். அடிமரத்தில் எட்டு அங்குல விட்டமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள உருளை ஒன்றை அறுக்கச் சொல்லி, காரில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அம்மா வைத்த மரம் என்பது அவர் சொன்ன காரணம். அதோடு யாரும் வாதாட முடியாது.

வேம்பு சிலைக்கு ஆகாத மரமும் அல்ல. பூரி ஜகந்நாதரின் திருமேனி வேப்பமரத்தால் ஆனது. 2015-இல் நடந்த நவகளேபரத்தில், அதாவது பழைய திருமேனிகளை மாற்றும் சடங்கில், மறுபடியும் வேப்பமரம் தேடித்தான் புதுத் திருமேனிகள் செய்தார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களிலும் வாகை, மா ஆகியவற்றோடு வேம்பும் உண்டு. ஆனால் கைதேர்ந்தவர்களுக்கு வளையும் மரம் புதியவர்களுக்கும் வளையும் என்று நினைக்கக் கூடாது. வேம்பின் நார்கள் ஒன்றோடொன்று பின்னியபடி ஓடும். ஓர் அங்குலம் வழுக்கிக்கொண்டு போகும் உளி அடுத்த அங்குலத்தில் நாரைப் பிய்க்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் வெண்ணெய் போல வழிந்து வருகிறதே, அந்த மரம் லிண்டன் வகை. நம் ஊரில் அது எளிதில் கிடைக்காது. இங்கே தொடங்குகிறவர்களுக்குக் குமிழ் நல்லது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கத்திலும் பொம்மை கடைகிறவர்கள் வெட்பாலையைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் மெத்தென்று உளிக்கு இடம் கொடுக்கும்.

நண்பரின் உருளையில் இருந்த உண்மையான சிக்கல் மர வகையில் இல்லை. ஒன்று, அது பச்சை மரம். இரண்டு, முழு உருளை என்பதால் மரத்தின் நட்டநடுப்புள்ளி அதற்குள்ளேயே இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் விரிசல் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. எப்போது, எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி.

பச்சை மரம் காயும்போது முதலில் நார்க்குழல்களுக்குள் இருக்கும் தண்ணீர் போகிறது. அதுவரை மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது நாரின் சுவரிலேயே உள்ள ஈரம் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல் சுமார் இரண்டு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுற்றுவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவுதான்.

உருளையை நினைத்துப் பாருங்கள். எட்டு அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 25 அங்குலம். முழுக்க உலரும்போது ஆரவாக்கில் 4 சதவீதமும் சுற்றுவாக்கில் 8 சதவீதமும் சுருங்குகிற மரம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 4 சதவீதம். நம் ஊர்க் காற்றில் மரம் 12 சதவீத ஈரத்தில் நின்றுவிடும், எனவே அதில் ஐந்தில் மூன்று பங்கு. 25 அங்குலச் சுற்றில் அது அரை அங்குலத்துக்கும் மேல். அந்த அரை அங்குலம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நடுப்புள்ளி உள்ளே இருக்கும்வரை மரத்துக்கு விலக இடமில்லை, பிளந்துதான் வழிவிடும். அதனால்தான் தச்சர்கள் பெரிய உருளையை முதலிலேயே நடுவில் பிளந்து போடுகிறார்கள். பிளந்த துண்டு கோணலாகும், வெடிக்காது. கோணலை இழைத்துச் சரிசெய்துவிடலாம்.

முதல் விபத்து: விரிசல்

பங்குனியில் வேலையைத் தொடங்கினார். வயிறும் தலையும் உருண்டு வந்தன. பச்சை மரம் உளிக்கு இதமாக இருந்தது. இருக்கும், ஈரமுள்ள மரத்தைச் செதுக்குவது சுகம்தான். சித்திரை பிறந்ததும், சிலை சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தார். மரத்தின் வெட்டுமுகம், அதாவது நார்களின் வாய் திறந்திருக்கும் பக்கம், பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கும் வேகமாக ஈரத்தை இழக்கும். மேற்புறம் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இன்னும் ஈரமாகப் பருத்துக் கிடக்கிறது. அன்று மாலையே உச்சந்தலையில் தொடங்கி இடது கண்ணை ஒட்டித் தொப்புள்வரை ஒரு கோடு ஓடியிருந்தது. நகம் நுழையும் அகலம்.

அவர் உடனே செய்தது, எல்லாரும் செய்வது. வேலை செய்த இடத்தில் கிடந்த மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து விரிசலுக்குள் திணித்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார்.

வைகாசியில் பூச்சின் ஓரத்திலேயே புது விரிசல் திறந்தது. மரம் உள்ளே இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. சுருக்கம் பாதியில் நிற்காது. திணித்த குழைவு கல்லாக இறுகி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது, மறுபக்கம் விட்டு விலகியது. இப்போது விரிசலும் இருக்கிறது, அதன் ஒரு கரையில் கறுத்த பசைக்கட்டியும் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கும்போது கண்ணருகே நல்ல மரமும் சேர்ந்து பெயர்ந்தது. விரிசல் அங்கே அகலம் குறைவாக இருந்த இடம் அது. சேதத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்தது வைத்தியம்.

பசைமேல் குற்றமில்லை. இரண்டு பரப்பை நெருக்கி ஒட்டுவதற்கு உண்டானது அது, இடைவெளியை நிரப்புவதற்கு அல்ல. அப்படியே அது நின்றிருந்தாலும் தொல்லை அடுத்த பருவத்தில் வந்திருக்கும்: ஐப்பசி மழையில் மரம் ஈரம் வாங்கிப் பருக்கும்போது விரிசல் மூடப் பார்க்கும், நடுவில் கல் மாதிரி ஒன்று நின்றால் அழுத்தம் வேறு எங்கேயாவது போய் நார்களை நசுக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் ஆசாரி ஒருவரிடம் சிலையைக் கொண்டுபோனோம். கோயில் தேர்களுக்கு இலுப்பைப் பலகையில் சிற்பம் செதுக்கிய கை, இப்போது வயதாகிவிட்டது. சிலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உளியைத் தொடவில்லை. பென்சில் கேட்டார். விரிசலின் இரண்டு நுனியிலும் குறுக்கே ஒரு கீறல் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார்.

“கோடு தாண்டுகிறதா என்று பாருங்கள் சார். தாண்டிக்கொண்டே இருக்கும்வரை மருந்து கிடையாது.”

ஒரு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காற்றோட்டம் உள்ள இருட்டு மூலையில் வைக்கச் சொன்னார். வெட்டுமுகங்களில் மெழுகு பூசச் சொன்னார். கிராமத்தில் அறுத்த மரத்தின் முனைகளில் சாணி மெழுகுவதும், மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பதும் இதே கவலையின் வேறு வடிவங்கள். நண்பர் தன் பங்குக்குச் சமையலறைத் தராசில் மாதம் ஒரு முறை சிலையை நிறுத்து எழுதிவைத்தார். இது எனக்குப் பிடித்த முறை. ஈரமானி வாங்க வேண்டியதில்லை. எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

விரிசலை அடைத்தது அடுத்த பொங்கல் கழித்து. அந்த நேரத்தை ஆசாரி யோசித்துத்தான் சொன்னார். கார்த்திகை ஈரத்தில் விரிசல் ஒடுங்கியிருக்கும்போது அடைத்தால் கோடையில் மயிரிழை தெரியும். சித்திரையில் வாய் பிளந்திருக்கும்போது அடைத்தால் மழையில் நெருக்கும். தை, மாசி இரண்டுக்கும் நடு. அதே உருளையில் மிச்சமிருந்த துண்டிலிருந்து நீளமான சிலாம்பு ஒன்றைப் பிளந்து எடுத்து, ஆப்பு வடிவில் சீவி, நாரோட்டம் சிலையின் நாரோட்டத்தோடு இணையாக வரும்படி விரிசலில் இறக்கினார். பசை ஆப்பின் ஒரு கன்னத்தில் மட்டும். மறு கன்னம் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். மரம் மூச்சு விடும்போது அந்தப் பக்கம் நகரும், எதையும் கிழிக்காது. உபரியைத் தட்டையுளியால் சீவியபின் கை வைத்துத் தடவினால் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, வண்ணம் ஒரு சாயல் வெளுப்பு.

இரண்டாவது விபத்து: துதிக்கை

இது ஆடியில் நடந்தது. விரிசல் வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, விரிசல் இல்லாத பக்கங்களில் செதுக்கலாமே என்று நண்பர் வேலையைத் தொடர்ந்தார். அதில் தவறில்லை. துதிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதில்தான் வினை.

உருளையில் நார்கள் கீழிருந்து மேலாக, பாதத்திலிருந்து தலைக்கு ஓடுகின்றன. முகத்திலிருந்து இறங்கும் துதிக்கையின் மேற்பாகத்தில் நார் நீளவாக்கில் இருக்கிறது. அங்கே அது பலமாக இருக்கும். துதிக்கை இடப்பக்கம் திரும்பி மோதகத்தை எட்டும் இடத்தில் உருவம் படுக்கையாகிறது, நாரோ செங்குத்தாகவே நிற்கிறது. அந்த வளைவில் ஒவ்வொரு நாரும் விரல் அகல நீளம்தான். நாருக்கு நார் பிடிமானம் பசை அளவுக்குத்தான், அடி விழுந்தால் விட்டுவிடும். பழைய மரச்சிலைகளில் துதிக்கை பெரும்பாலும் வயிற்றோடோ மார்போடோ ஒட்டியே இருப்பதை அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது பாருங்கள். அழகுக்காக மட்டும் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

துதிக்கைக்குப் பின்னால் முழுக்கக் குடைந்து வெளிச்சம் வரவைத்துவிட்டு, மோதகக் கையைச் செதுக்கக் கொட்டாப்புளியால் தட்டினார். உளி துதிக்கையைத் தொடவே இல்லை. அதிர்விலேயே நுனி கழன்று விழுந்தது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. விழுந்த நுனியை எடுத்து மேசைமேல் வைத்தார். மனைவி வந்து பார்த்துவிடுவார் என்று தரையைப் பெருக்கினார். சிறு குழாயில் விற்கும் நொடிப்பசையை, சயனோஅக்ரிலேட் வகை, முறிவின் இரு பக்கமும் தாராளமாக விட்டு நுனியைப் பொருத்தி அழுத்தினார். வழிந்த பசையைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு சுட்டது; விரலில் கொப்புளம். இந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் வேகமாக இறுகிச் சூடாகும் என்பது பலருக்குத் தெரியாது. சூடு பட்ட கை நகர்ந்ததில் துதிக்கை நுனி ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நாரோட்டத்தில் முறிந்த மரத்தின் இரு முகங்களும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்கொன்று அச்சு. சரியான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அங்கே பொருத்தினால் கோடு மறைந்துவிடும், சாதாரண வெள்ளைப் பசையே முழு மரத்தின் பலத்துக்குப் பிடிக்கும். தள்ளி ஒட்டினால் மேடு மேட்டில் உட்காரும். இணைப்பு படியாகத் தெரியும், பலமும் இருக்காது. போதாக்குறைக்குப் பெருக்கிய குப்பையோடு இரண்டு சிறு சில்லுகளும் போய்விட்டன.

வீட்டில் வேறு ஒரு கேள்வி எழுந்தது. பின்னமான சிலையைப் பூஜைக்கு வைக்கலாமா? நண்பரின் மனைவிக்கு அது உறுத்தியது, நியாயமான உறுத்தல்தான். ஆசாரியிடம் தயங்கித்தான் கேட்டார்கள். அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார்:

“கண் திறக்கும்வரை இது மரம்தான் அம்மா. மரம் என்றால் உடையத்தான் செய்யும். கண் திறந்தபின் உடைந்தால் வந்து கேளுங்கள், அப்போது வேறு பதில்.”

பட்டறையில் அவர் அந்த இணைப்பைப் பிரித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிரிக்க வழி சொன்னது நண்பரின் மகள்; நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் அசிட்டோன் இருக்கிறது, அது இந்தப் பசையை இளக்கும். ஆசாரி அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. பீடியை அணைத்து வெளியே எறிந்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் குழாயால் இணைப்பின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆவியாகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். நெடுநேரம் கழித்துக் கட்டைவிரலால் லேசாக நெம்பினார், வரவில்லை. மறுபடி சொட்டு, மறுபடி காத்திருப்பு. மூன்றாவது தடவை நுனி சத்தமில்லாமல் கையோடு வந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால், நாரின் மேடுகளைத் தேய்க்காமல் பள்ளங்களில் மட்டும் குத்திக் குத்திப் பசைத் தோலை எடுத்தார். உளியை எடுத்து ஒரே சீவாகச் சீவியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், அச்சும் போயிருக்கும்.

பிறகு பசை இல்லாமல் பொருத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, நுனியை அரக்கி அரக்கி, ஓரிடத்தில் நிறுத்தினார். “உட்கார்ந்துவிட்டது” என்றார். அந்த நிலையில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. வெள்ளைப் பசையை இரண்டு முகத்திலும் மெலிதாகத் தடவி, கோட்டுக்குக் கோடு சேர்த்து, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றினார். வளைந்த பொருளுக்கு இரும்புக் கவ்வி பயன்படாது. ரப்பர்க் கீற்று எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் தரும். மறுநாள்வரை தொடவில்லை. சில்லுகள் போன இடத்தில் அதே மரத்தின் சிலாம்பை ஒட்டிச் சீவினார். கடைசியில் கைத்துரப்பணத்தால் மெல்லிய துளை போட்டு மூங்கில் ஆணி ஒன்றும் அடித்தார். என்னைக் கேட்டால் அந்த ஆணி தேவையில்லை. முகங்கள் அச்சாகச் சேர்ந்தபின் புதுத் துளை மரத்தைப் பலவீனப்படுத்தத்தான் செய்யும். அவரிடம் சொல்லிப் பார்த்தேன். தேருக்கு ஆணி இல்லாமல் விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். இது தேர் இல்லையே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது: கை

துதிக்கை முறிந்த அதே மாலை. நொடிப்பசை ஒட்டிவிட்டது, மனசு ஆறவில்லை. விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று சிலையை மடியில் வைத்துக்கொண்டு பீடத்தைச் செதுக்க உட்கார்ந்தார். வெளிச்சம் குறைந்திருந்தது. உளி அன்றைக்குச் சாணை பார்க்காத உளி. வேம்பின் பின்னிய நாரில் அது மாட்டிக்கொண்டது, அழுத்தினார், நார் திடீரென்று விட்டது. சிலையைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் அடிச்சதையில் உளி இறங்கியது.

மழுங்கிய உளிதான் ஆபத்து என்பதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். கூரான உளி கொஞ்ச விசையில் வெட்டும், கைக்குக் கட்டுப்படும். மழுங்கியது தள்ளச் சொல்லும், தள்ளிய விசையெல்லாம் வழுக்கும் நொடியில் உடம்புக்குள் போகும். உளி வாயை விளக்குக்கு நேரே காட்டினால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூர் மின்னாது. இதைப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் கூர் எப்படி இருந்தாலும், பொருளை மடியில் வைத்துக்கொண்டு, பிடித்திருக்கும் கையை நோக்கி உளி ஓட்டக் கூடாது. பலகையில் இறுக்கிவிட்டால் இரண்டு கையும் உளியின் பின்னால் இருக்கும். வெட்டுத் தாங்கும் கையுறை சீவுவதைத் தடுக்கும், குத்துவதைத் தடுக்காது; அதை நம்பி மடியில் வைக்க வேண்டாம்.

வீட்டில் காயத்தில் காப்பித்தூளை அப்பினார்கள். இரத்தம் நின்ற மாதிரி இருந்தது, துணி கட்டிக்கொண்டு இரவு முழுவதும் இருந்துவிட்டார். மறுநாள் காலை மருத்துவர் தையல் போடுவதற்கு முன் தூளைக் கழுவி எடுக்கவே அதிக நேரம் ஆனது என்றும், வலி அதில்தான் உயிர் போனது என்றும் நண்பர் சொன்னார். இங்கேயும் காயம் பெரிதில்லை; வைத்தியம் பெரிது.

செய்திருக்க வேண்டியது எளிது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுவது. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்திப் பிடிப்பது. பத்து நிமிடம் பிரித்துப் பார்க்காமல் அழுத்துவது முக்கியம். ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் உறைந்தது கலையும். பிறகு விரல் நுனியில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா, விரலை மடக்கி நீட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போயிருந்தாலோ மடங்காவிட்டாலோ நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. காயத்தின் வாய் திறந்திருந்தாலும், இரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே. கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டோம் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. மண்ணும் தூளும் பட்ட காயத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போடுவார்கள். நண்பருக்கு நரம்பும் நாணும் தப்பின. கட்டைவிரலைக் கடைசிவரை விரித்தால் மட்டும் இன்னும் இழுக்கிறது என்கிறார்.

ஒரு நன்மையும் நடந்தது. தையல் பிரிக்கும்வரை கை வேலை செய்ய முடியாததால்தான் துதிக்கை மேலும் சீவப்படாமல் ஆசாரியிடம் போய்ச் சேர்ந்தது.

நான்காவது: புகை

விரிசலும் துதிக்கையும் சரியானபின், கண் திறந்தார்கள். ஆசாரியே வந்து செய்தார். பங்குனி தொடக்கத்தில் நண்பர் சிலைக்கு ‘டபுள் பாயில்டு’ லின்சீட் ஆயில் பூசினார். பெயிண்ட் கடையில் கேட்டால் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய். பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்து, இன்னொரு துணியால் துடைத்து, நிறம் தேன் மாதிரி எழுந்தது. மாலை உறவினர்கள் வருவதாக இருந்தது. துணிகளைச் சுருட்டி, செதுக்கிய சீவல்கள் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு, மொட்டை மாடி அறையில் தள்ளிவிட்டுக் கீழே வந்தார்.

உறவினர் ஒருவர்தான் ஏதோ கருகுகிறது என்றார். மேலே போய்ப் பார்த்தபோது துணிச் சுருளின் நடுவிலிருந்து புகை வந்தது, சுவாலை இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். யாரும் நெருப்பு வைக்கவில்லை, மின்கசிவும் இல்லை.

ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு வெளியாகும். மரத்தின்மேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிய துணியில் எண்ணெய் பரவிய பரப்பு அதிகம், உள்ளே காற்றும் உண்டு, சூடு வெளியேற வழி மட்டும் இல்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும். சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மரச்சீவல் இருந்தால் கேட்கவே வேண்டாம். தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. நம் வீடுகளில் எண்ணெய்த் துணியை மூலையில் போடுவது பழக்கமாகிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த எண்ணெயைத் தொட்ட துணியை வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்து முழுக்க விறைக்கும்வரை காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

நான்கில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். மற்ற மூன்றும் சிலையோடும் ஒரு கையோடும் முடிந்தவை.

இப்போது

பிள்ளையார் பூஜை அறையில் இருக்கிறார். பின்னமான சிலையை வைக்கலாமா என்ற கேள்வியைக் கண் திறந்த அன்றே வீட்டம்மா முடித்துவிட்டார். வெளுத்த ஆப்பு நெற்றியிலிருந்து இறங்குவது தெரிகிறது. அதன்மேல் சாயம் தடவி மறைக்கலாம் என்று நண்பர் சொன்னார். ஆசாரி வேண்டாம் என்றார், இரண்டு கோடையில் எண்ணெய் ஏறித் தானே கறுக்கும் என்பது அவர் கணக்கு. நானும் அவர் பக்கம்.

நண்பர் அடுத்த துண்டை வாங்கி வைத்துவிட்டார். குமிழ், நடுப்புள்ளியை விட்டு ஒதுங்கிப் பிளந்தது, இரண்டு முனையிலும் மெழுகு, பக்கத்தில் எடை எழுதிய சீட்டு. சீவிப்போட்ட துண்டுகளைப் போட்டுவைக்கத் தனி டப்பா, மேசைக்கடியில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பு. ஏதாவது தெறித்தால் அதில் விழும், பெருக்குவதற்கு முன் தேடலாம்.

நீட்டிக்கொண்டு நிற்கும் உறுப்பே இல்லாத உருவமாகச் செய்கிறேன், ஆமை என்றார் முதலில். ஆமை புகுந்த வீடு என்று மனைவி தொடங்கியதும் நந்திக்கு மாறினார். படுத்த நந்தி நல்ல தேர்வு: மடங்கிய கால்கள் உடலோடு ஒட்டியிருக்கும், மரத்தைப் படுக்கையாக வைத்தால் நார் மூக்கிலிருந்து வால்வரை ஓடும். கொம்பு மட்டும்தான் இடிக்கிறது. அது மேல்நோக்கி நிற்கும், நார் குறுக்கே போகும், துதிக்கைக்கு வந்த நோய் அதற்கும் வரும். ஆசாரியிடம் கேட்டோம். கொம்பையும் காதையும் தனித்தனியாக நார் நீளவாக்கில் வரும்படி செதுக்கி, தலையில் குழி எடுத்துச் சொருகிவிடச் சொன்னார். இந்த முறை ஆணி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.